மோட்டார் சைக்கிளுக்கும் நாடி பார்க்கலாம்!



மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று தோட்டத்தில் அரிது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டுமா, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட வேண்டுமா, காய்ச்சலில் கிடக்கும் பாட்டியைப் பட்டணத்துக் கிளினிக்கிற்குக் கொண்டுபோக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னக் 'கப்சாய்' வண்டிதான் துணை. அது ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தால் வீட்டு வேலை அத்தனையும் நின்றுவிடுகிறது. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலியும் இல்லை.

வண்டி கிளம்பாதபோது நாம் என்ன செய்கிறோம்? பத்து முறை உதைக்கிறோம். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தள்ளுகிறோம். கடைசியில் "பேட்டரி போச்சு" என்று நாமே தீர்ப்புச் சொல்லி, பட்டணத்திற்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்குகிறோம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு பேட்டரி ஏறத்தாழ ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். அதற்குப் பிறகும் இரண்டே வாரத்தில் வண்டி மறுபடி படுத்துக்கொண்டால்? கெட்டது பேட்டரியே அல்ல, வேறெதுவோ என்று அப்போதுதான் தெரிகிறது. பணம் போனது போனதுதான்.

இந்த வீண்செலவைத் தடுக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதன் பெயர் மல்ட்டிமீட்டர். இரும்புச் சாமான் கடையிலும் பாசார் மாலாமிலும் 20, 30 வெள்ளிக்குள் கிடைக்கும். உள்ளங்கை அகலப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, மேலே எண் காட்டும் கண்ணாடி, சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டு ஒயர்கள். அவ்வளவுதான். மருத்துவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதைப் போல, வண்டியின் மின்சாரத்திற்கு நாடி பார்ப்பது இதன் வேலை.

அஞ்சல் துறையில் பிறந்த கருவி

மின்சாரத்தில் மூன்று அளவுகள் உண்டு. லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை உந்தித் தள்ளும் அழுத்தம் வோல்ட். ஓடுகிற தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய்க்குள் அடைப்பிருந்து ஓட்டத்தைத் தடுக்கிறதே, அது ஓம். முன்பெல்லாம் இம்மூன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி என்பவர், இத்தனை பெட்டிகளையும் சுமந்து திரிய வேண்டியிருக்கிறதே என்று சலித்து, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து 'ஆவோ' என்ற பெயரில் அது 1923இல் விற்பனைக்கு வந்தது. அன்று பொறியாளர் கையில் மட்டும் இருந்த அந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான் இன்று பாசார் மாலாமில் தொங்குகிறது.

முதலில் மீட்டரைப் பழகுவோம்

கறுப்பு ஒயரை 'சி.ஓ.எம்.' என்று எழுதிய துளையில் செருகுங்கள். சிவப்பு ஒயரை, வி எழுத்தும் குதிரை லாடம் போன்ற ஓம் குறியும் உள்ள துளையில் செருகுங்கள். மூன்றாவதாக '10 ஏ' என்றொரு துளை இருக்கும். அதன் பக்கமே போக வேண்டாம். அந்தத் துளையில் ஒயரை வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொட்டால், பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்ததற்குச் சமம். தீப்பொறி பறக்கும், ஒயர் உருகும், கையும் சுடும்.

அடுத்து, திருகைப் பாருங்கள். வி எழுத்தின் பக்கத்தில் நேர்க்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் அது பேட்டரி மின்சாரத்துக்குரிய பகுதி. நெளிந்த பாம்புக் கோடு இருந்தால் அது வீட்டு மின்சாரத்துக்குரியது. நமக்கு வேண்டியது நேர்க்கோட்டுப் பகுதியில் உள்ள 20 என்ற எண். அதில் திருகை நிறுத்துங்கள்.

மீட்டர் உண்மை பேசுகிறதா என்று அறிய, கடையில் புதிதாக வாங்கிய ஒரு டார்ச்லைட் பேட்டரியை அளந்து பாருங்கள். 1.5 அல்லது 1.6 காட்டினால் நம்பலாம். மீட்டருக்குள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இளைத்துப் போனால் மீட்டர் தப்பான கணக்குச் சொல்லும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்று எண்கள்

பாடம் முழுவதையும் மூன்று எண்களில் அடக்கிவிடலாம். வண்டி நிற்கும்போது எவ்வளவு? கிளப்பும்போது எவ்வளவு? ஓடும்போது எவ்வளவு? சிவப்பு முனையைப் பேட்டரியின் கூட்டல் குறியிலும், கறுப்பு முனையைக் கழித்தல் குறியிலும் வைத்துப் பாருங்கள்.

நிற்கும்போது: வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, சாவியைத் திருகாமல் அளக்க வேண்டும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் அளப்பது எல்லாவற்றிலும் நல்லது. 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரியின் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி வயிறு. 12க்குக் கீழே என்றால் பசியில் வாடுகிறது. பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5க்கு மேல் வராவிட்டால் ஓர் அறை செத்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

கிளப்பும்போது: மீட்டர் முனைகளை வைத்தபடியே ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். எண் சற்று இறங்கும், அது இயற்கை. 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரியில் வலு இல்லை. உதைத்துக் கிளப்பும் வண்டியானால் சாவியைப் போட்டு ஹாரனை அழுத்திப் பாருங்கள். 11க்குக் கீழே போகக் கூடாது.

ஓடும்போது: இன்ஜின் ஓடட்டும், கொஞ்சம் முறுக்குங்கள். எண் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் ஏறி நிற்க வேண்டும். நிற்கும்போது காட்டிய எண்ணிலேயே அசையாமல் இருந்தால் பேட்டரிக்குத் தீனி போகவில்லை என்று பொருள். 15ஐத் தாண்டினால் தீனி மிஞ்சிவிட்டது, ரெகுலேட்டர் பழுது. பல்புகள் அடிக்கடி பொசுங்குவதும், பேட்டரி கொதித்து நீர் வற்றுவதும் இதனால்தான்.

பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்போர் இந்த எண்களையெல்லாம் பாதியாக்கிக் கொள்ளலாம்.

எண்கள் சொல்லும் சேதி

நிற்கும்போது 12.0, ஓடும்போதும் 12.0. என்ன பொருள்? பேட்டரியைப் பழி சொல்லிப் பயனில்லை. மின்சாரம் உண்டாக்கும் காயில், ரெகுலேட்டர், நடுவிலுள்ள ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. இந்த வண்டிக்குப் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

நிற்கும்போது 12.7, கிளப்பும்போது 7. இங்கே பேட்டரிதான் குற்றவாளி. மேலுக்கு நிறைந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே வலு இல்லை. தயங்காமல் மாற்றலாம்.

நிற்கும்போது 12.7, பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசை மட்டும், எண்ணோ இறங்கவே இல்லை. பேட்டரி நலம், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்டார்ட்டர் ரிலே, ஒயர் முனை, 'எர்த்' மூன்றையும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து வண்டிகளில் இந்த எர்த் கோளாறு அதிகம். மழை, சேறு, உரத்தூள் எல்லாம் பட்டு ஒயர் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடுகிறது. கறுப்பு முனையைப் பேட்டரியின் கழித்தலிலும் சிவப்பு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை. ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். செலவு சில காசுதான்.

உயிர் காக்கும் சிவப்பு விளக்கு

செம்பனை லாரிகள் ஓடும் சாலையில், இருள் பிரியாத நேரத்தில், பின்விளக்கு எரியாத வண்டியில் போவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் பிள்ளையும் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு பதறுகிறது. பிரேக் விளக்கு எரியாவிட்டால் பல்பைக் கழற்றுங்கள். திருகை ஓம் பகுதியில் 200க்குக் கொண்டுவந்து, பல்பின் அடிப்புள்ளியில் ஒரு முனையும் பித்தளை உடம்பில் மறுமுனையும் வையுங்கள். சில ஓம் காட்டினால் பல்பு நல்லது. இடது ஓரத்தில் '1' மட்டும் நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பியூஸையும் இதே முறையில் சோதிக்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பியூஸும் சில வேளை உள்ளே விட்டுப் போயிருக்கும்.

பல்பும் பியூஸும் நன்றாயிருந்தால் திருகை மீண்டும் 20 வோல்ட்டில் வைத்து, சாவியைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி மின்சாரம் எதுவரை வருகிறது என்று ஒயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. போன பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பியூஸ் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றுகிறது. தாளைச் சுற்றினால் வண்டியே எரியும்.

செய்யக் கூடாதவை

ஓம் பகுதியில் அளக்கும்போது சாவி போட்டிருக்கக் கூடாது.

பிளக் ஒயரில் மீட்டரை வைக்காதீர்கள். அங்கே பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். மீட்டரும் போகும், உங்களுக்கும் அதிர்ச்சி.

எஃப்.ஐ. வண்டிகளின் கணினிப் பெட்டி ஒயர்களைக் குத்திப் பார்க்காதீர்கள். அவை பட்டறைக்காரரின் வேலை.

மலிவான மீட்டரை வீட்டு மின்சாரத்தில் நுழைக்காதீர்கள். 230 வோல்ட்டைத் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் உள்ளே அதற்கேற்ற காப்பு இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

பேட்டரி அருகில் சுருட்டு, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும்.

பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது?

லயத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கு இரண்டு மைல். அங்கே நிறுத்தி, மீண்டும் கிளப்பி அரை மைல். ஒவ்வொரு முறை ஸ்டார்ட்டரை அழுத்தும்போதும் பேட்டரி செலவழிக்கிறது. குறுகிய ஓட்டத்தில் அந்தச் செலவு திரும்பி வருவதில்லை. வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் போலத்தான். குறைந்த நிலையிலேயே நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது. ஆகவே காலை எண் 12.4க்கு இறங்கியதும் காலால் உதைத்துக் கிளப்புங்கள். வார இறுதியில் பட்டணம்வரை ஒரு நல்ல ஓட்டம் விடுங்கள். கார் பேட்டரிக்குரிய பெரிய சார்ஜரில் சின்னப் பேட்டரியை மாட்ட வேண்டாம். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்றுவதே முறை.

அளந்தபின் வாங்குவோம்

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. நேர்மையாக உழைக்கும் நம் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் "அண்ணே, வண்டி கிளம்பலே" என்று வெறுங்கையோடு போய் நிற்பது ஒன்று, "நிற்கும்போது 12.1, ஓடும்போதும் 12.1, சார்ஜ் வரவில்லை, ரெகுலேட்டரைப் பாருங்கள்" என்று சொல்வது வேறொன்று. இரண்டாவதாகச் சொல்கிறவரிடம் வேண்டாத சாமானை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. நேர்மையான பட்டறைக்காரருக்கோ பாதி வேலை மிச்சம்.

பால் நிறுக்கும்போது தராசு முள்ளின்மேல் கண் வைக்கிறோம். வெட்டிய செம்பனைக் குலையை எண்ணிச் சரிபார்க்கிறோம். சம்பளச் சீட்டை இருமுறை படிக்கிறோம். அந்தக் கண்ணும் கணக்கும் வண்டி விஷயத்தில் மட்டும் ஏன் வேண்டாம்?

மாதத்திற்கு ஒரு முறை அந்த மூன்று எண்களையும் அளந்து, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ அளக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த வோல்ட்டும் ஓமும் அவர்கள் கையிலேயே எண்ணாக வந்து நிற்கும். கைத்தொழில் மேல் நாட்டம் பிறக்க இதைவிட மலிவான வழி ஏது? எண்கள் மாதாமாதம் சிறிது சிறிதாக இறங்குவதைக் கண்டால், வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே நீங்கள் விழித்துக்கொள்ளலாம்.

20 வெள்ளிக் கருவி ஒரே ஒரு வேண்டாத பேட்டரியைத் தடுத்தாலும் போட்ட முதல் வந்துவிடுகிறது. அதற்குமேல் அது மிச்சப்படுத்துவதெல்லாம் உங்கள் வியர்வை!