செல்போனுக்குள் மரக்குதிரை!

ராமேசுவரம் போகும் ரெயில் "மண்டபம் முகாம்" என்ற நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. அது என்ன முகாம்?

வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களை இங்கே சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். காலரா, பிளேக் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். அதற்கு "குவாரன்டைன்" என்று பெயர்.

கம்ப்யூட்டரில் "ஆன்டி வைரஸ்" என்ற காவல்காரனும் இதைத்தான் செய்கிறான். "டிரோஜன் பிடிபட்டது, குவாரன்டைனில் இருக்கிறது" என்பான். செல்போனில் அவனுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. கூச்சல் போடுவான். விரட்ட வேண்டியவர் நாம்தான்!

யார் இந்த டிரோஜன்?

டிராய் நகரத்துக் கோட்டையைப் பிடிக்க முடியாத கிரேக்கர்கள், வாசலில் பெரிய மரக்குதிரையை விட்டுப் போனார்களாம். ஊரார் அதை உள்ளே இழுத்தார்கள். இரவில் குதிரையின் வயிற்றில் இருந்து வீரர்கள் குதித்தார்கள்! டிரோஜனும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் வரும். பெயரின் கடைசியில் "ஏ.பி.கே." என்று இருக்கும். நாமே திறக்கிறோம். பிறகு பாங்கியில் இருந்து நமக்கு வரும் ரகசிய எண், திருடனுக்கும் போகும்.

கூடங்குளத்தில்...

இதே கடற்கரையில், தெற்கே உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் இது விடவில்லை. 2019 செப்டம்பர் 4-ந்தேதி, மத்திய அரசின் "செர்ட்-இன்" பிரிவு இதைக் கண்டு சொன்னது. "அப்படி ஒன்றும் இல்லை" என்று அக்டோபர் 29-ந்தேதி மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது! கெட்டது அலுவலகக் கம்ப்யூட்டர். உலையை இயக்கும் இணைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்று கழகம் கூறியது.

விரட்டுவது எப்படி?

அதே தனிமைதான் செல்போனுக்கும் மருந்து. முதலில் "பிளைட் மோடு" போடுங்கள். திருடனுக்குச் சேதி போகாது. அடுத்து "சேஃப் மோடு". அதில், நாம் பிறகு சேர்த்த புரோகிராம்கள் எல்லாம் தூங்கும். அந்த நேரத்தில் "செட்டிங்ஸ்" போய், டிரோஜனுக்கு நாம் கொடுத்த அனுமதிகளைப் பிடுங்கி, அதை நீக்குங்கள். அனுமதியைப் பிடுங்காவிட்டால் சில போகாது, அடம் பிடிக்கும்! மறுபடியும் தலை காட்டினால், படங்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு "பேக்டரி ரீசெட்" செய்ய வேண்டியதுதான்.

பாங்கியின் ரகசிய எண்களை வேறு போனில் இருந்து மாற்றுங்கள். பலர் இதைத்தான் மறந்து விடுகிறார்கள்.

பணம் போய்விட்டதா? கடலுக்குப் போன வீட்டுக்காரர் கரை திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள், தாய்மார்களே! பக்கத்து வீட்டுப் போனில் இருந்தாவது உடனே 1930-க்குப் பேசுங்கள். திருடன் எடுப்பதற்குள் சொன்னால், பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டு.