பிக்கிள்: ஒரு சிறுகலத்தின் பணி வரலாறு

1805ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஸ்பெயினின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் நிகழ்ந்த டிரபால்கர் கடற்போரை நெல்சனின் பெயரோடு சேர்த்தே நாம் படித்திருக்கிறோம். இங்கிலாந்தின் அணியில் நின்ற 27 பெரும் போர்க்கப்பல்களும் வரலாற்று நூல்களில் நிரலாக இடம்பெறும். அவற்றோடு சென்ற 'பிக்கிள்' என்னும் சிறுகலமோ பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் தலைகாட்டும். அந்த அடிக்குறிப்பையே இங்கு விரித்துக் காண்கிறோம்.

பிக்கிள் ஸ்கூனர் வகைக் கலம். நாவாய், வங்கம், தோணி எனப் பழஞ்சொற்கள் நம்மிடம் பல உண்டு. எனினும் ஸ்கூனரைக் குறிக்கும் தனிச்சொல் வழக்கில் இல்லாமையால் ஒலிபெயர்த்தே ஆள்கிறோம். இதற்குப் பாய்மரங்கள் இரண்டோ அதற்கு மேலோ அமையும். முதன்மைப் பாய்கள் கலத்தின் குறுக்கே விரியாமல் நீளவாக்கில் கட்டப்படும். ஆதலின் எதிர்க்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறும். பாய்களைக் கையாள ஆட்களும் குறைவாகவே வேண்டும்.

வணிகக் கலமாக இருந்தபோது இதன் பெயர் 'ஸ்டிங்', அதாவது கொடுக்கு. 1800ஆம் ஆண்டையொட்டிக் கரீபியக் கடலில் கடற்படை இதனைப் பெற்றுப் பெயரை மாற்றியது. பிக்கிள் என்றதும் நமக்கு ஊறுகாய் நினைவுக்கு வரும். அக்கால ஆங்கிலத்தில் குறும்புக்காரச் சிறுவனையும் அச்சொல் குறித்தது. நெல்சனின் 'விக்டரி' 104 பீரங்கிகளைத் தாங்கியது. பிக்கிளில் இருந்தவை பத்துக்கு மேற்படாத சிறு பீரங்கிகளே. ஆகவே உளவு, கடிதப் போக்குவரத்து, மீட்பு ஆகியனவே இதன் அன்றாடப் பணிகள். 1804இல் பிரெஸ்ட் துறைமுகத்தருகே 'மேக்னிபிசன்ட்' என்னும் போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கியபோது, அதன் மாலுமிகளைக் காத்த கலங்களுள் இதுவும் ஒன்று. டிரபால்கரிலும் தீப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல் 'அஷீல்' என்பதிலிருந்து கடலில் குதித்தோரை இது ஏற்றிக்கொண்டது. பகைவரை மீட்பதும் பணியே.

போர் முடிந்ததும் கடும்புயல் எழுந்தது. சிதைந்த பெருங்கப்பல்களைக் காக்கவே மற்றைய கலங்கள் தேவைப்பட்டன. தளபதி காலிங்வுட், வெற்றியையும் நெல்சனின் மறைவையும் தெரிவிக்கும் மடலை அக்டோபர் 26ஆம் நாள் பிக்கிளின் தலைவர் லாப்பனோட்டியரிடம் ஒப்படைத்தார். வழியில் கலத்தினுள் நீர் புகுந்தது. சுமை குறைக்கப் பீரங்கிகள் நான்கு கடலில் எறியப்பட்டன. பிறகு காற்றே நின்றுவிட, மாலுமிகள் துடுப்பு வலித்தனர். நவம்பர் 4ஆம் நாள் கலம் பால்மத் துறையை அடைந்தது.

அங்கிருந்து லண்டன் 271 மைல். லாப்பனோட்டியர் 21 இடங்களில் குதிரைகளை மாற்றி, ஏறத்தாழ 37 மணி நேரத்தில் கடற்படைத் தலைமையகத்தை அடைந்தார். அப்போது நவம்பர் 6, நள்ளிரவு கடந்து ஒரு மணி. 'நாட்டிலஸ்' கலத்தின் தலைவர் சைக்ஸ், இடைக்கடலில் இச்செய்தி அறிந்து வேறு வழியாக விரைந்தும் சற்றே பிந்தினார். தம் நாயகன் மாண்டு 16 நாள் ஆகியும் அதுவரை லண்டன் அதனை அறியாதிருந்தது. மாணவர்க்கு இப்போரைக் கற்பிக்கும்போது இந்த 16 நாளையும் சேர்த்துச் சொல்லுதல் நலம் என்பது நம் கருத்து. இத்தகைய செய்தியைக் கொணர்ந்தவரும் பயணச் செலவுக் கணக்கு எழுத நேர்ந்தது! அது 46 பவுண்டு, 19 சில்லிங்கு, 1 பென்னி.

அவர் பதவி உயர்வு பெற்று வேறு கலத்துக்குச் சென்றார். பிக்கிள் தன் பழைய வேலையைத் தொடர்ந்தது. 1807இல் பிரெஞ்சுக் கொள்ளைக் கலமொன்றைக் கைப்பற்றியது. 1808 ஜூலையில், மீண்டும் காலிங்வுட்டுக்கு மடல்கள் கொண்டுசெல்லும் வழியில், காடிஸ் அருகே சிப்பியோனா மணல்திட்டில் மோதி உடைந்தது. உயிரிழந்தோர் ஒருவரும் இலர்.