கேலியும் கருத்துரிமையும்: நமக்கும் பிறருக்கும் ஒரே அளவுகோல்

 

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்புகிறோம். வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் ஏதோ ஒரு காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பிற சமயத்தவரின் வழிபாட்டை ஒருவர் கிண்டல் செய்யும் காட்சி அது. நாமும் எட்டிப் பார்த்துச் சிரித்துவிடுகிறோம். மறுநாள் அதே கைப்பேசியில் நம் மார்க்கத்தைக் கிண்டல் செய்யும் காட்சி வருகிறது. இப்போது நம் முகம் சிவக்கிறது, "இதைக் கேட்பாரில்லையா?" என்று கொதிக்கிறோம். முதல் நாள் வராத கோபம் மறுநாள் மட்டும் வந்தது ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டால், அத்தாவாகிய நாம் என்ன விடை சொல்வோம்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான விடையைத் தேடுகிறது.

சிரிப்பு விலக்கப்பட்டதன்று

இஸ்லாம் சிரிப்பறியாத மார்க்கம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அவ்வாறில்லை. ஏறிச் செல்ல வாகனம் வேண்டி வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று நபியவர்கள் விளக்கினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). அங்கே பொய் இல்லை. எவர் மனமும் நோகவில்லை.

அதே நபியவர்கள் நகைச்சுவைக்கு எல்லையும் வகுத்தார்கள். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடு உண்டு என எச்சரித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை விளையாட்டாக மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என நபியவர்கள் கண்டித்தார்கள் (அபூதாவூத்). இன்று 'பிராங்க்' என்ற பெயரில் வழிப்போக்கர்களை அலறவைத்துப் படம்பிடிப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

'பொலிடிகல் கரெக்ட்னஸ்' என்பது என்ன?

சாதி, நிறம், உடற்குறை, பிறப்பு, சமயம் ஆகியவற்றைச் சுட்டிப் பிறரைப் புண்படுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்ற கொள்கையை ஆங்கிலத்தில் 'பொலிடிகல் கரெக்ட்னஸ்' என்கின்றனர். இதனால் நகைச்சுவையே செத்துவிடும் என்று ஒரு சாராரும், எளியவரை மிதித்துப் பிறக்கும் சிரிப்பு எதற்கு என்று மறு சாராரும் வாதிடுகின்றனர்.

நம் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையை எண்ணிப் பாருங்கள். கறுத்த நிறத்தவரும், பருத்த உடலினரும், திக்கிப் பேசுவோரும் எத்தனை முறை சிரிப்புப் பொருளாக்கப்பட்டார்கள்! 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் பாத்திரத்தைக் கண்டு அரங்கமே சிரித்தபோது, உருது பேசும் நம் குடும்பத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பட்ட வேதனையை நாம் அறிவோம்.

ஆனால், நம் வீட்டுக்குள் நடப்பதையும் மறைக்கலாகாது. உருது பேசுவோரைத் தமிழ் பேசுவோரும், தமிழ் பேசுவோரை உருது பேசுவோரும் எள்ளி நகைப்பதில்லையா? புதிதாக மார்க்கத்தைத் தழுவியவரின் பழைய பெயரையோ சாதியையோ சொல்லிச் சிரிப்பதில்லையா? ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவராக இருக்கக்கூடும், பட்டப்பெயர் சூட்டி அழைக்கவும் வேண்டாம் என்பது இறைக்கட்டளையின் கருத்து (திருக்குர்ஆன் 49:11). அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சுட்டியபோது, அந்த ஒரு சொல்லைக் கடலில் கலந்தாலும் கடல்நீர் கெட்டுவிடும் என்ற பொருளில் நபியவர்கள் கண்டித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). பிறர் மனம் நோகாமல் பேசும் பண்பு மேற்கிலிருந்து வந்த புதுமையன்று. நம் மார்க்கம் நமக்கு என்றோ கற்பித்த ஒழுக்கமே.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையை வழங்குகிறது. பொது அமைதி, கண்ணியம், ஒழுக்கம் முதலியவற்றின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(2) பிரிவு இடமளிக்கிறது. சமய உணர்வுகளை இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் 295ஏ பிரிவு 1927ஆம் ஆண்டில் பிறந்தது. அண்ணல் நபியவர்களை இழிவுபடுத்தி லாகூரில் வெளியான ஒரு நூலின் பதிப்பாளர், அன்றிருந்த சட்டத்தில் இடமில்லை என்று விடுதலை செய்யப்பட்டதைத் தொடர்ந்தே அது இயற்றப்பட்டது. வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன் செய்யப்படும் இழிவை மட்டுமே இப்பிரிவு தண்டிக்கும். கவனக்குறைவாகவோ எண்ணமின்றியோ நேர்ந்ததை அன்று என 1957இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை முதல் இதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

திருச்சியில் எழுந்த வழக்கு

இந்தச் சிக்கலை நம் ஊரே ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. 1953ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் பிள்ளையார் உருவத்தை உடைத்ததாகச் சைவ சமயத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். உடைக்கப்பட்டது களிமண் உருவம்தான், வழிபடப்பட்டு வந்த புனிதப் பொருளன்று என்று திருச்சி மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கீழ்நீதிமன்றங்கள் சட்டத்தை மிகக் குறுக்கிப் பொருள் கொண்டுவிட்டன என்றும், ஒரு வகுப்பாரின் நம்பிக்கை நீதிபதியின் பார்வையில் அறிவுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று பாராமல் அவர்களின் உணர்வை மதிக்க வேண்டும் என்றும் அது கருத்துரைத்தது. ஆயினும், காலம் வெகுவாகக் கடந்துவிட்டதால் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

சகோதரர்களே! நமக்கான சோதனை இங்கேதான் இருக்கிறது. நாம் உருவ வழிபாட்டை ஏற்காதவர்கள். சாதிக் கொடுமைக்கு எதிராகப் பெரியார் ஆற்றிய பணியை மதிப்பவர்களும் நம்மில் பலர். ஆகவே, இத்தகைய செயலைக் கண்டு கைதட்ட நம் மனம் விழையலாம். ஆனால், அல்லாஹ்வையன்றிப் பிறர் அழைப்பவற்றை ஏச வேண்டாம், ஏசினால் அவர்களும் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று இறைவன் நம்மைத் தடுத்துவிட்டான் (திருக்குர்ஆன் 6:108). மக்காவில் வாழ்ந்த 13 ஆண்டுகளும், கஅபாவைச் சுற்றிச் சிலைகள் நின்ற நிலையிலேயே, நபியவர்கள் ஓரிறைக் கொள்கையைச் சொல்லால் எடுத்துரைத்தார்கள். கொள்கையை ஒளிக்கவுமில்லை, ஏச்சில் இறங்கவுமில்லை. மறுப்பது வேறு, இழிவுபடுத்துவது வேறு. மறுக்கும் உரிமை நமக்கும் உண்டு, நம்மை மறுப்பவர்க்கும் உண்டு.

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றால் இதே பாடம் மறுபுறமிருந்து கிடைக்கும். அரங்கநாதர் கோயிலின் எதிரே பெரியாரின் சிலை நிற்கிறது. 2006 டிசம்பரில் அது திறக்கப்படுவதற்கு முன்பே சிலர் அதைச் சேதப்படுத்தினர்; தமிழகமெங்கும் பதற்றம் பரவியது. அந்தச் சிலையை உடைக்க வேண்டும் என்று பேசியதற்காகத் திரைப்படச் சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் 2022 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். 1953இல் உடைந்தது ஓர் உருவம். 2006இல் உடைந்தது மற்றோர் உருவம். ஒன்றுக்குக் கைதட்டி, மற்றொன்றுக்குக் கண்ணீர் வடிப்பவர் எத்தரப்பினராயினும் நீதிமான் ஆகமாட்டார்.

நாம் கேலிக்கு உள்ளானால்?

குறைஷியர் 'முஹம்மத்' என்ற திருப்பெயரைத் திரித்து, 'இகழப்பட்டவர்' எனப் பொருள்படும் 'முதம்மம்' என்று ஏசினார்கள். நபியவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் ஏசுவது முதம்மமை அல்லவா, நானோ முஹம்மத் ஆயிற்றே, அவர்களின் ஏச்சை அல்லாஹ் என்னைவிட்டு எவ்வாறு திருப்பிவிட்டான் என்று வியந்தார்கள் (புகாரீ). இழிசொல்லுக்கு அமைதியே அங்கு விடையாயிற்று. இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் அவையில், பேச்சு மாறும்வரை உட்கார வேண்டாம் என்பதும் (4:140), நோவினை தரும் பேச்சுகளைக் கேட்க நேரும்போது பொறுமையும் இறையச்சமும் கொள்வதே உறுதிமிக்க செயல் என்பதும் (3:186) குர்ஆனின் வழிகாட்டல்கள்.

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பதன்று. 2013இல் 'விஸ்வரூபம்' திரைப்படம் நம்மைத் தவறாகச் சித்திரிக்கிறது என முஸ்லிம் அமைப்புகள் முறையிட்டன. படம் தமிழகத்தில் சில நாள் தடைப்பட்டது. பின்னர்ப் பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்கள் நீக்கப்பட்டுப் படம் வெளியாயிற்று. பேசித் தீர்த்தது நன்று. ஆயினும், தடையைக் கோருமுன் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், போராட்டம் வெடிக்கும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை அடக்கக்கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் காவல் இன்று வேறொருவருக்கு. நாளை நம் மேடைக்கும் நம் பத்திரிகைக்கும் அதுவே அரண்.

நாளை அன்று, நேற்றே அது நேர்ந்தது. 2021 ஜனவரி முதல் நாள், நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி இந்தூரில் கைது செய்யப்பட்டார். இந்து தெய்வங்களை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில் அவர்மீது பாய்ந்தது அதே 295ஏ பிரிவுதான். பிப்ரவரி 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கும் வரை அவர் சிறையிலிருந்தார். நம் வேதனையிலிருந்து பிறந்த சட்டம், நம் பிள்ளை ஒருவரையே சிறைக்கு அனுப்பிற்று. சட்டக் கத்திக்கு ஆள் தெரியாது. அதை ஓங்குமுன் யோசிக்க வேண்டும்.

வன்முறையோ எந்நிலையிலும் நம் வழியன்று. 2015 ஜனவரியில் பாரிஸ் நகரில், கேலிச்சித்திரங்களைக் காரணம் காட்டி ஒரு பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கி 12 பேரைக் கொன்றார்கள். அதனால் நபியவர்களின் கண்ணியம் உயர்ந்ததா? அந்தச் சித்திரங்களை அதுவரை கண்டிராத கோடிக்கணக்கானோரிடம் அவை போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நம் திருச்சியில் மலைக்கோட்டையும், நத்தர்வலி தர்காவும், லூர்து அன்னை ஆலயமும் அண்டை அயலாக நிற்கின்றன. ஜமால் முகமது கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளை பார்த்தால் வெட்கப்படும்படியான எதையும் நம் பிள்ளை கைப்பேசியில் பகிரலாகாது.

ஆகவே, ஒன்றைச் சொல்லிச் சிரிக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இது உண்மையா? இதில் எளியவர் எவரேனும் மிதிபடுகிறாரா? இதையே நம்மைப் பற்றிச் சொன்னால் பொறுப்போமா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், அந்தச் சிரிப்பை அங்கேயே நிறுத்திவிடுவோம். நாம் இழிவுக்கு உள்ளானால், முதலில் அறிவார்ந்த மறுப்பு. தேவைப்பட்டால் முறையான புகார். எந்நிலையிலும் வசையும் வன்முறையும் இல்லை.

எவருடைய நாவிலிருந்தும் கரத்திலிருந்தும் பிறர் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்று நபியவர்கள் இலக்கணம் வகுத்தார்கள் (நஸாயீ). கரத்துக்கு முன்னே நாவைச் சொன்னதைக் கவனியுங்கள். முதல் நாள் சிரித்ததற்காக இன்று வருந்துகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லத் துணியும் தந்தையே, மறுநாள் கோபத்திற்கும் தகுதியுடையவர்.

பிறரைப் புண்படுத்தாத நாவையும், புண்பட்டபோதும் நீதி தவறாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.