கதவில்லாத இரவுகளின் நோய்

பால்வினை நோய்களுக்கு மருந்து இருக்கிறது, அதுவும் இலவசமாக. ஆனால் வீடற்ற பெண்ணுக்கு மருந்துக்கு முன்னால் வேறொன்று தேவைப்படுகிறது: உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு.

இரவு பத்து மணிக்கு மேல் தில்லியின் நடைபாதைகள் படுக்கையறைகளாகின்றன. ஜாமா மசூதியின் சுற்றுப்புறம், நிஜாமுதீன் தர்காவை ஒட்டிய சந்துகள், கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தின் வெளிப்பக்கம், மேம்பாலங்களின் அடிப்பகுதி. ஆண்கள் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். பெண்களுக்கு அது அவ்வளவு சுலபமல்ல. அவர்கள் விளக்கு வெளிச்சம் விழும் இடமாகத் தேடுகிறார்கள்; நாலைந்து பேராகச் சேர்ந்து படுக்கிறார்கள்; முறை போட்டு விழித்திருக்கிறார்கள். தூக்கத்தைப் பகலுக்கு ஒத்திவைத்து, பூங்கா புல்தரையில் கண்ணயர்பவர்களும் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடின்றி வாழ்வதாகச் சொன்னது. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள். தில்லியில் எண்ணப்பட்டவர்கள் 46,724 பேர். எண்ணுபவர்களுக்குத் தெரியாமல் ஒதுங்குவதே பாதுகாப்பு என்று பழகிப்போன பெண்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் விடுபட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இவர்களைத் தாக்கும் நோய்களில் அதிகம் பேசப்படாதவை பால்வினை நோய்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் உலகம் முழுவதும் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் புதிதாக ஏற்படுகின்றன. இவற்றில் பெண்ணுக்கு எதிராக இயற்கையே செய்யும் சதி ஒன்று இருக்கிறது. வெட்டை நோய் தொற்றினால் ஆணுக்குப் பெரும்பாலும் எரிச்சலும் சீழும் வந்து நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்கு அப்படியில்லை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அது வெள்ளைப்படுதலாகவோ இடுப்பு வலியாகவோ இருக்கும். உடம்பு முழுக்க வலியோடு எழுந்திருக்கிற ஒருத்திக்கு இடுப்பு வலி ஒரு செய்தியே அல்ல.

வீட்டில் வாழும் பெண்களுக்கும் இதே நோய்கள் வருகின்றன. நடைபாதையில் வாழ்பவளுக்கு வித்தியாசம் எங்கே? முதலாவது, அவளால் மறுக்க முடிவதில்லை. தெருவில் தனியாகப் படுக்கும் பெண் எல்லோருக்கும் பொதுச்சொத்து என்று கருதப்படும் இடத்தில், ஒருவனின் 'மனைவி'யாக இருப்பது மற்றவர்களிடமிருந்து தப்பிக்கும் வழி. பத்துப் பேருக்குப் பதிலாக ஒருவன் என்பது அவளுடைய கணக்கு. அந்த ஒருவனுக்கு வேறு உறவுகள் இருக்கலாம். ஆணுறை போடு என்று அவனிடம் சொன்னால் பாதுகாப்பும் போய்விடும். இன்னும் சிலருக்கு, ஒரு வேளை சாப்பாடோ படுக்க ஓர் இடமோ கிடைப்பதற்கான விலையாக உடல் இருக்கிறது. இவர்கள் தங்களைப் பாலியல் தொழிலாளிகள் என்று நினைத்துக்கொள்வதில்லை.

இந்த வேறுபாடு அரசின் பதிவேட்டில் முக்கியமாகிவிடுகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் திட்டங்கள் நெடுங்காலமாகக் குழுக்களை அடிப்படையாகக் கொண்டவை: பாலியல் தொழிலாளிகள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், போதை ஊசி போட்டுக்கொள்வோர். பிறகு லாரி ஓட்டுநர்களும் இடம்பெயர்ந்த தொழிலாளர்களும். இந்தப் பட்டியலில் 'வீடற்ற பெண்' என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆணுறை கொண்டுவந்து கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துச்செல்லும் களப்பணியாளர் பாலியல் தொழிலாளியைத் தேடி வருகிறார். அடுத்த தூணுக்குக் கீழே படுத்திருப்பவளைத் தாண்டிப் போய்விடுகிறார்.

இரண்டாவது, தண்ணீர். பிறப்புறுப்பில் ஏற்படும் எல்லாத் தொற்றும் உடலுறவால் வருவதில்லை. சில, அங்கே இயல்பாக வாழும் கிருமிகளின் சமநிலை குலைவதால் வருபவை. சில, சுத்தமில்லாத பிரசவத்தாலும் கருக்கலைப்பாலும் வருபவை. மாதவிலக்குத் துணியை அலசவும் வெயிலில் உலர்த்தவும் இடமில்லாத பெண், அதை ஈரத்தோடு மறைத்து வைத்து மீண்டும் பயன்படுத்துகிறாள். கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு வேண்டும். இரவில் பூட்டியிருந்தால் காசு இருந்தும் பயனில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்று, வெள்ளைப்படுதல், பால்வினைத் தொற்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. எது எது என்று அவளுக்கும் தெரிவதில்லை, அவசரத்தில் பார்க்கும் டாக்டருக்கும் தெரிவதில்லை.

இத்தனைக்கும் சிகிச்சை ஒன்றும் பிரமாதமானதல்ல. ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் சிபிலிசுக்கு ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்போது நாகோ ஏழு நிறங்களில் மருந்துப் பொட்டலங்களை அறிமுகப்படுத்தியது. ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுக்கும் ஏற்பாடு இது. அரசு மருத்துவமனைகளில் 'சுரக்ஷா கிளினிக்' என்ற பெயரில் இயங்கும் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான உயர்நிலை மையமே இருக்கிறது. நிஜாமுதீன் நடைபாதையிலிருந்து அது சில கிலோமீட்டர் தூரம்தான்.

அந்தப் பொட்டலங்களையே கவனித்தால் பிரச்சினை புரியும். கருப்பை வாயில் தொற்று என்றால் சாம்பல் நிறம். வெறும் வெள்ளைப்படுதல் என்றால் பச்சை. இரண்டையும் நர்ஸ் முன்னாலேயே ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். தெருவில் வாழ்பவளுக்குப் பொருத்தமான மருந்து. ஆனால் நோயை முற்றவிட்டு, தொற்று கருக்குழாய் வரை ஏறிய பிறகு வந்தால் மஞ்சள் பொட்டலம். அதில் 14 நாட்களுக்கு, தினம் இரு வேளை, சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. சாப்பாடே இரு வேளை நிச்சயமில்லை. மாத்திரைகளை வைக்க இடம் எது? தலைக்கு வைத்துப் படுக்கும் மூட்டை திருடு போகிறது, மழையில் நனைகிறது, ஆக்கிரமிப்பு அகற்றும் லாரியில் ஏறிப்போகிறது. பாதியில் நின்ற சிகிச்சையின் விளைவு தீராத வலி, மலட்டுத்தன்மை, கருக்குழாயிலேயே கரு தங்கும் அபாயம். புண் ஆறாமல் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

டாக்டர் சொல்லும் மற்ற இரு விஷயங்கள் அதைவிடச் சிக்கலானவை. துணைவனுக்கும் சிகிச்சை வேண்டும். குணமாகும்வரை உறவு கூடாது. முதலாவதை அவளால் கேட்க முடியாது. இரண்டாவதை அவளால் தீர்மானிக்க முடியாது.

அவள் ஏன் சீக்கிரமே வருவதில்லை? புறநோயாளிப் பிரிவுகள் பெரும்பாலும் காலையில்தான் இயங்குகின்றன. குப்பை பொறுக்குபவளுக்கும் கூலி வேலைக்குக் காத்திருப்பவளுக்கும் வருமானம் கிடைப்பதும் அப்போதுதான். வரிசையில் நின்றால் அன்றைய சோறு போயிற்று. சீட்டு எழுதுமிடத்தில் விலாசம் கேட்கிறார்கள். குளிக்காத உடம்பைப் பார்த்து மற்ற நோயாளிகள் ஒதுங்குகிறார்கள். சட்டத்தின் பயமும் இருந்தது. 1959-ம் ஆண்டின் பம்பாய் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் தில்லியிலும் செல்லுபடியானதால், கந்தையோடு தெருவில் நிற்பவளைப் பிடித்துக்கொண்டு போய் அடைக்க முடிந்தது. 2018 ஆகஸ்டில்தான் தில்லி உயர் நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகளை ரத்து செய்தது. சீருடையைக் கண்டால் ஓடும் பழக்கம் ஒரு தீர்ப்பால் போய்விடாது.

மனநலம் குன்றிய பெண்களின் நிலை இன்னும் மோசம். நடந்தது என்ன என்று சொல்லக்கூட அவர்களால் முடிவதில்லை. கர்ப்பம் வெளியே தெரியும்போதுதான் பலாத்காரம் நடந்ததே உலகுக்குத் தெரிகிறது. சென்னையில் 1993-ல் 'தி பேனியன்' தொடங்கப்பட்டதே இத்தகைய பெண்களுக்கு அடைக்கலம் தருவதற்காகத்தான். 2017-ம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், வீடற்றோருக்கு ஏழை என்ற அட்டை இல்லாவிட்டாலும் இலவச மனநல சிகிச்சை உரிமை என்கிறது. பலாத்காரத்துக்கு உள்ளானவர்களுக்கு எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக உடனடி சிகிச்சை தர வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். புகார் கொடுக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நடைபாதையில் அந்தக் கடிகாரத்தைப் பார்க்க யாரும் இல்லை.

ஆக, சட்டம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. இல்லாதது இடம். 2010-ல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு இரவுக் காப்பகமாவது வேண்டும் என்றது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் வசதி, ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வகுத்தது. 2011-ன் மக்கள்தொகைக்கு இந்த அளவை அப்படியே நிறைவேற்றினாலும் தில்லியில் சுமார் 16 ஆயிரம் பேருக்குத்தான் இடம் கிடைக்கும். எண்ணப்பட்டவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு இல்லை. இருப்பதும் நிலைப்பதில்லை: 2023 பிப்ரவரியில் சராய் காலே கானில் ஒரு காப்பகம் இடித்துத் தள்ளப்பட்டது.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியமல்ல. பெண்களுக்கென்று தனிக் காப்பகம், அதில் தாழ்ப்பாள் உள்ள குளியலறை, மாத்திரை வைக்கப் பூட்டுள்ள சின்னப் பெட்டி. காலை வரிசைக்குப் பதிலாக, மாலை ஏழு மணிக்குக் காப்பகத்துக்கே வரும் பெண் டாக்டர். விலாசம் கேட்காத நோயாளிச் சீட்டு. ஒரே வேளை மருந்தை அங்கேயே கொடுத்து முடிக்கும் ஏற்பாடு. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பென்சிலின் ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்துவிடுகிறது. அந்தக் குணம் எத்தனை நாள் தாங்கும் என்பதை, மறுநாள் இரவு அவள் எங்கே படுக்கிறாள் என்பதே தீர்மானிக்கிறது.