வெந்நீர் ஏன் வரவில்லை?

சென்னையில் இருப்பவர்களுக்கு வெந்நீர் என்பது ஏறக்குறைய ஒரு மருந்து. ஜலதோஷம் பிடித்தால், எண்ணெய் தேய்த்துக்கொண்டால், வீட்டில் குழந்தை பிறந்தால் அதன் ஞாபகம் வரும். மற்றபடி சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் கொட்டுகிறது! நீலகிரியில் கதை வேறு. அங்கே பொழுது விடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "வெந்நீர் ஆயிற்றா?" என்பதுதான். காப்பியைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகே.

ஊட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கிளென்மார்கனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் சீமைப் பெயர். ஊர் தேயிலை ஊர். மலையின் விளிம்பில் ஒரு நீர்த்தேக்கம். மார்கழியிலும் தையிலும் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. ஆனி பிறந்தால் மழையும் காற்றும்.

இந்த ஊருக்கும் வெந்நீருக்கும் ஒரு வேடிக்கையான சம்பந்தம் உண்டு. பைக்காரா ஆற்றின் தண்ணீர் கிளென்மார்கனில் வந்து நின்று, அங்கிருந்து பெரிய குழாய்களில் மூவாயிரம் அடிக்கு மேல் கீழே பாய்கிறது. மலையடிவாரத்தில் சிங்காராவில் அது மின்சாரமாகிறது. பைக்காரா மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது 1932-ல். பின்னர் 2005-ல் மலைக்கு அடியிலேயே 150 மெகாவாட் நிலையம் ஒன்றும் வந்தது. ஆட்களும் சாமான்களும் இந்தச் செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குவதற்கென்றே விஞ்ச் வண்டித் தடம் போட்டார்கள். ஆக, கோயமுத்தூர்க்காரர் தம் வீட்டில் கீஸர் போட்டு ஆனந்தமாகக் குளிக்கும்போது, அதில் கிளென்மார்கன் தண்ணீருக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஆனால் ஆடிக் காற்றில் கற்பூர மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்துவிட்டால், அந்தக் கிளென்மார்கனிலேயே கீஸர் குளிர்ந்து போகும். ஆகவே மலையில் குடித்தனம் செய்யும் பெண்கள் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு செம்பு பாய்லர், அலமாரியில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இப்போது காஸ் கீஸர் என்று இரண்டு மூன்று தினுசு வைத்திருக்கிறார்கள். எத்தனை தினுசு உண்டோ, அத்தனை தினுசு தொந்தரவும் உண்டு.

மூவர் கூட்டு

"நேற்று ராத்திரி நன்றாகத்தானே எரிந்தது!" என்று சொல்லாத வீடு உண்டா? பழுது பார்க்க வந்தவர் பதிலே சொல்லாமல் ஸ்க்ரூவைத் திருகுகிறார், எரிகிறது. அவர் தலை மறைந்ததும் மறுபடி அணைகிறது.

விஷயம் இதுதான். எந்தப் பாய்லரும் எரிபொருள், காற்று, தண்ணீர் என்ற மூவர் சேர்ந்து நடத்தும் வியாபாரம். மூவரில் ஒருவர் முறைத்துக்கொண்டால் கடை மூடிவிடும். முறைத்துக்கொண்டவர் யார் என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப நெருப்புக்குச்சியைக் கிழிப்பதில் பயனில்லை.

முதலில் எரிபொருள். மண்ணெண்ணெய் ஸ்டவ் 'படபட'வென்று பொரிந்து அணைகிறதா? எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் விற்றவர்தான் கலந்தார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பாதி காலியான டின்னுக்குள் இருக்கும் ஈரக் காற்று இரவுக் குளிரில் வேர்த்து, துளித்துளியாக அடியில் சேரும். கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். டின்னை நன்றாக மூடி வைப்பதும், அடிமண்டியை ஸ்டவ்வில் ஊற்றாமல் இருப்பதும் பாதி வைத்தியம்.

பம்ப் ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு நிப்பிள் அடைப்பு பழகிய எதிரி. பின் போட்டு எடுத்தால் சரியாகும். பம்பு அடித்தும் அழுத்தம் ஏறவில்லையானால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விடலாம் என்பது சமவெளி யோசனை. ஊட்டியில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்து உட்கார்ந்திருக்கும்! அங்கே தையல் மெஷின் எண்ணெய்தான் கை கொடுக்கும்.

விறகுக்கும் இதே நியாயம். சீகைக் கட்டையோ, கவாத்து செய்த தேயிலைக் கட்டையோ, ஈரமாக இருந்தால் புகைதான் மிச்சம். சூட்டில் பெரும் பங்கு கட்டையின் ஈரத்தை உலர்த்தவே போய்விடும். மழைக்கு முன்பே வெட்டி, கூரைக்கடியில் அடுக்கியவர்களுக்குத்தான் ஆடி மாத வெந்நீர்.

மலைக் காற்று மெல்லிய காற்று

இரண்டாவது கூட்டாளி காற்று. இவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 7,300 அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே நீலமாக எரிந்த பர்னர் மேலே வந்ததும் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பூசுவதற்கு இதுவும் ஒரு காரணம். பர்னரின் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்து, திரியைக் குறைத்தோ, காஸ் கீஸரானால் தெரிந்தவரைக் கொண்டு சரி செய்தோ எரிக்க வேண்டும்.

செம்பு பாய்லரில் காற்று நுழையும் வழி அடியில் இருக்கும் சல்லடை. புகை வெளியேறும் வழி நடுவில் நிற்கும் குழாய். சல்லடையில் சாம்பலும் குழாயில் கரியும் சேர்ந்தால் பாய்லருக்கு மூச்சு முட்டும். தினமும் சாம்பலைத் தட்டி, வாரம் ஒரு தடவை குழாயில் பிரஷ் விட்டால் விறகுச் செலவே குறையும்.

மூன்றாவது, தண்ணீர். பாய்லரில் தண்ணீர் முதலில், நெருப்பு பிறகு. காலிப் பாய்லரில் நெருப்பு மூட்டினால் ஈயப் பற்று உருகி ஒழுக ஆரம்பிக்கும். சென்னையில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, கீஸரின் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து கம்பியைக் கெடுக்கிறது. மலை ஓடைத் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மழைக்காலத்தில் வண்டல் வரும். கீஸரின் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டினால், "வீணாகிறதே" என்று அதை அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறும்போது வெளியேற அது ஒன்றுதான் வாசல்.

மலை ரயிலும் மாட்டிக்கொண்டது

வீட்டுப் பாய்லர் மட்டுமா இப்படிப் படுத்துகிறது? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய மலை ரயிலைக் கேளுங்கள். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சுவிட்சர்லாந்து எஞ்சின்கள் ஏறின. நிலக்கரியில் சாம்பல் அதிகமானால் ஆவி போதாமல் நடுவழியில் மூச்சு வாங்க வேண்டியதுதான். 2002-ல் எண்ணெயில் எரியும்படி எஞ்சினை மாற்றத் தொடங்கினார்கள். 2011 முதல் திருச்சி பொன்மலைப் பட்டறையிலேயே எண்ணெயில் எரியும் புது எஞ்சின்களைச் செய்து அனுப்பினார்கள்.

எண்ணெய்க்கு மாறியதும் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை. உலை எண்ணெய் பாகு மாதிரி கெட்டியானது. அதைச் சூடாக்கி, இளக்கி, ஆவியால் பனித்துளி போலச் சிதறடித்தால்தான் ஒழுங்காக எரியும். சிதறல் சரியில்லையானாலும், காற்று போதாவிட்டாலும் கரும்புகைதான். பெரிய பட்டறை எஞ்சினீயர்களும் கடைசியில் அதே மூவரைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது!

சிவப்புப் பொத்தான்

நம் ஊர்களில் எண்ணெய் பாய்லர் வைத்த வீடு அபூர்வம். ஆனால் வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அதனால்தான் கதகதப்பாக இருக்கின்றன. நர்ஸ் வேலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் நம் பெண்கள், "பாய்லர் அடிக்கடி அணைந்துவிடுகிறது, அம்மா!" என்று போனில் சொன்னால் நீங்களே யோசனை சொல்லலாம். தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, வடிகட்டியில் அழுக்கோ தண்ணீரோ உண்டா, புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெய் தீர்ந்து மறுபடி ஊற்றியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும்; அதை வெளியேற்ற வேண்டும். நெருப்பு எரிகிறதா என்று கவனிக்க அதற்குள்ளே ஒரு மின்சாரக் கண் இருக்கிறது. அதன் மேல் கரி படிந்தால், எரிகிற நெருப்பே அதற்குத் தெரியாமல் பாய்லரை நிறுத்திவிடும். எண்ணெயைச் சிதறடிக்கும் நாஸிலை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள்.

இந்தப் பாய்லர் நின்றுபோனால் அதன் மேல் ஒரு சிவப்புப் பொத்தான் எரியும். அதை அமுக்கினால் மறுபடி கிளம்பும். ஒரு தடவை அமுக்கலாம். போனால் இரண்டு தடவை. அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே சேரும். கடைசியில் பற்றிக்கொள்ளும்போது எல்லாம் சேர்ந்து குப்பென்று வெடிக்கக்கூடும். நம் வீட்டுக் கீஸரின் டிரிப் ஸ்விட்சும் அப்படித்தான். திரும்பத் திரும்ப விழுகிறது என்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது கூப்பாடு போடுகிறது. நாம் அதை மேலே தூக்கிக் கட்டிவிட்டு ஈரக் கையோடு குளிக்கப் போனால் என்ன ஆகும்?

மணமில்லாத எமன்

இவ்வளவும் ஒரு வாளி வெந்நீருக்காகத்தானா என்று கேட்கலாம். இல்லை, உயிருக்காகவும்தான். காற்றுப் போதாமல் எரியும் கரியும் காஸும் மண்ணெண்ணெயும் கார்பன் மோனாக்ஸைட் என்ற விஷ வாயுவைக் கக்குகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் எழுந்திருக்க முடியாத தூக்கம். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு, கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. ஜன்னலில்லாத குளியலறையில் காஸ் கீஸர் மாட்டியதாலும் பல ஊர்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

ஆகவே காஸ் கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். நெருப்பு மஞ்சளானால் உடனே நிறுத்துங்கள். கரிச் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். வெந்நீர் போட்ட இடத்தில் தலை வலித்தால் அதைக் குளிர் என்று நினைக்க வேண்டாம். கதவைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வாருங்கள். மறுபடி பற்ற வைப்பதற்கு முன், மூவரில் யார் முறைத்துக்கொண்டது என்று விசாரியுங்கள். அன்றைக்கு ஸ்நானம் ஒரு மணி நேரம் தாமதமானால் குடி முழுகிவிடாது.