குடிகாரர் அல்ல, பசிகாரர்!
ரெயில் நிலையத்தில் சரிந்த குமாஸ்தா: டிபன் பை சொன்ன ரகசியம்

நமது நிருபர்

சென்னை, மாலை 5-40 மணி.

கடற்கரை-தாம்பரம் மார்க்கத்தில் ஒரு ரெயில் நிலையம். (எந்த நிலையம் என்பது வேண்டாம். அந்த மனிதர் இப்போதும் தினமும் அங்கேதான் ரெயில் ஏறுகிறார்.)

பிளாட்பாரத்தில் கூட்டம் நெரிகிறது. திடீரென்று ஒருவர் தள்ளாடினார். தூணைப் பிடித்தார். பிடி நழுவியது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டை. பையில் பேனா. தோளில் டிபன் பை. வயது 45-க்கு மேல் இருக்கும். பேச்சு குழறியது. "என்ன சார் ஆச்சு?" என்று குனிந்தவரின் கையைத் தட்டிவிட்டார்.

"நல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்கான்யா!" என்றது ஒரு குரல்.

சிலர் சிரித்தார்கள். ஒரு வாலிபர் செல்போனில் படம் பிடித்தார். ரெயில் வந்தது. பாதிக் கூட்டம் ஏறிப் போய்விட்டது.

பணியில் இருந்த போலீஸ்காரர் ஓடி வந்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். "வாடையே இல்லியே" என்று அவருக்குச் சந்தேகம்.

அப்போது படிக்கட்டு ஓரம் பூ விற்கும் அம்மாள் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"இது குடி இல்லீங்க. பாருங்க, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கை எப்படி நடுங்குது பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சுகர் எறங்கிடுச்சு. யாராச்சும் டீக்கடையில சக்கரை வாங்கியாங்க!"

சர்க்கரை வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் 3 ஸ்பூன். அவருக்கு விழுங்கத் தெரிந்தது. மெல்ல மெல்லக் குடித்தார். கால் மணி நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. "மணி என்ன?" என்று கேட்டார்.

திறக்காத டப்பா!

அன்று நான் ஒரு செயின் பறிப்பு பற்றி விசாரிக்க அந்த நிலையத்துக்குப் போயிருந்தேன். செயினை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன்.

முகவரி தெரியுமா என்று போலீஸ்காரர் டிபன் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே டப்பா. டப்பாவில் 3 சப்பாத்தி, பீர்க்கங்காய்க் கூட்டு. வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை.

மாலை 6 மணி வரை ஒரு மனிதர் ஏன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை? மண்ணடியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை.

2 வாரம் கழித்து அவரையே சந்தித்துக் கேட்டேன். பேரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவர் கூறியதாவது:-

"எனக்கு 3 வருஷமா சுகர். மாத்திரை சாப்பிடறேன். எடையைக் குறைக்கணும், ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள்ள நிறுத்துங்கன்னு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் கணக்குப் பிள்ளை. ஆபீஸ்ல ஒரு பைசா தப்பினா தூக்கம் வராது. இதுக்கும் தனியா ஒரு நோட்டுப் போட்டேன்.

"காலையில சரியா இருக்கும். மத்தியானம் சரியா இருக்கும். சாயந்தரம் 4 மணிக்கு ஒரு பசி வருது பாருங்க, அதுதான் எமன். ஆபீசுக்கு எதிர்ல பஜ்ஜிக் கடை. வாசனை மாடி ஏறி வந்து கூப்பிடும். 3 பஜ்ஜி, ஒரு டீ. ராத்திரி நோட்டைப் பார்த்தா கணக்கு உதைக்குது. சரி, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டை வெட்டிட்டா சரியாப் போச்சுன்னு வெட்டினேன். பஜ்ஜிக்கு அட்வான்ஸ் கட்டற மாதிரி! ஆனா அன்னிக்கு 3 பஜ்ஜி 5 ஆச்சு.

"கடைசியா ஒரு வைராக்கியம். சாப்பாடும் வேண்டாம், பஜ்ஜியும் வேண்டாம்னு இருந்தேன். மாத்திரையை மட்டும் விடலை. அதை விட்டா தப்பில்லையா, சார்?"

இவ்வாறு அவர் கூறினார்.

டாக்டர் எச்சரிக்கை

இதை ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லையாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு விழுந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான்.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி வரும். இன்னும் இறங்கினால் மூளைக்குத் தீனி இல்லை. பேச்சு குழறும். கோபம் வரும். கால் பின்னும். பார்ப்பவனுக்கு அசல் குடிகாரன்!

பூக்கார அம்மாள் செய்தது அப்படியே சரி என்கிறார் டாக்டர். நினைவு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். தெளிந்த பிறகு ஏதாவது ஆகாரம் தர வேண்டும். வடை, பிஸ்கட்டை முதலில் நீட்டக்கூடாது. அவை கரைந்து ரத்தத்தில் சேர நேரமாகும். நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறி உயிர் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டை வெட்டக் கூடாது. "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன்னு சொன்னா, நான் மாத்திரையையும் குறைச்சிருப்பேனே!" என்று கோபித்துக்கொண்டார்.

மணி அடிக்கும் வயிறு

சுகர் இல்லாதவர்களுக்கு மயக்கம் வராது போகலாம். 4 மணிப் பசி எல்லோருக்கும் உண்டு. பாரிமுனையில் 4 மணிக்கு நின்று பாருங்கள். ஆபீஸ்கள் படி இறங்கி வந்து டீக்கடை வாசலில் நிற்கும்.

வயிற்றிலிருந்து மூளைக்கு "சோறு போடு" என்று தந்தி அடிக்கும் ஒரு சுரப்பு இருக்கிறது. கிரெலின் என்று பெயர். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வழக்கமாக நாம் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இது ஏறும். தினம் 4 மணிக்கு பஜ்ஜி கொடுத்துப் பழக்கினால் தினம் 4 மணிக்கு வந்து கதவைத் தட்டும். கொடுக்காவிட்டால் சற்று நேரத்தில் இறங்கியும் விடும். அலை மாதிரி. (மாத்திரைக்காரர்கள் இந்த அலையை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது.)

ஆனால் வந்தது பசியா, நாக்கின் சபலமா? நம் கிழவிகள் சொன்ன "பசி ருசி அறியாது" என்பதையே பரீட்சையாக வைக்கலாம் என்றார் டாக்டர். எதிரே காலையில் மிஞ்சிய இட்லியை வைத்தால் சாப்பிடத் தோன்றுகிறதா? அப்படியானால் அது பசி. "இட்லி வேண்டாம், பஜ்ஜிதான் வேணும்" என்றால் அது நாக்கு. நான் என்னிடமே சோதித்தேன். 5 நாளில் 4 நாள் நாக்கு!

முழுப் பட்டினி கிடந்து நாக்கை அடக்கலாம் என்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் 36 வாலிபர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். 24 வாரம் தினம் 1,570 கலோரி அளவுதான் சாப்பாடு. வேலையும் நடையும் குறையாது. என்ன ஆனது? வாலிபர்கள் படிப்பை மறந்தார்கள், பெண்களை மறந்தார்கள். சமையல் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்! பேச்சும் கனவும் சாப்பாடுதான். வயிற்றை அதிகம் காயப் போட்டால் மனசு அடுப்படியிலேயே குடியேறிவிடும் போலிருக்கிறது. நம் குமாஸ்தாவின் 3 பஜ்ஜி 5 ஆனது இதனால்தான்.

எண்ணெய் குடிக்கும் கணக்கு

பஜ்ஜிக் கடைக்கே போனேன். மாஸ்டர் வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். சுண்டு விரல் கனம்கூட இல்லாத சீவல். அதன் மேல் மாவுச் சட்டை. அப்புறம் எண்ணெய்.

"வாழைக்காயில ஒண்ணும் இல்ல சார். மாவு எவ்ளோ குடிக்குதோ அவ்ளோதான்" என்றார் மாஸ்டர். விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு பஜ்ஜி ஒரு டீஸ்பூன் எண்ணெயைக் குடித்திருந்தால் எண்ணெயில் மட்டும் 40 கலோரி. மாவும் காயும் தனி. 3 தின்றால் எண்ணெயே 120.

டீ? பாலை விடுங்கள். 2 ஸ்பூன் சர்க்கரை போட்டால் அதுவே 40 கலோரி. ஒரு நாளைக்கு 3 டீ குடிக்கும் கடைக்காரர் 30 கிராம் சர்க்கரையை டீயிலேயே முடித்துவிடுகிறார். 2,000 கலோரி சாப்பிடுகிறவர் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கணக்கு. அவரே கல்லாவில் உட்கார்ந்து முறுக்கு டப்பாவிலும் கை விடுவார். அது எந்த நோட்டிலும் ஏறாது.

இதே பாரிமுனையில் 50 அடி தள்ளி வெள்ளரிக்காய் வண்டி நிற்கிறது. 200 கிராம் வெள்ளரிக்காயில் 30 கலோரிதான். மிளகாய்த்தூள் தூவினாலும் அதே 30. கொய்யா ஒன்று, 150 கிராம் எடை என்றால் 100 கலோரி. அவித்த முட்டை 75 பக்கம். வேகவைத்த கொண்டைக்கடலை 75 கிராம், சுமார் 120. இதில் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் வயிற்றில் நின்று பேசும். வறுத்த வேர்க்கடலை நல்லதுதான். ஆனால் 30 கிராமே 170 கலோரி. பொட்டலம் காலியாகிற வரை கை நிற்காது என்பதுதான் அதில் கஷ்டம்.

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 பண்டங்களை ஒரே 240 கலோரி அளவில் கொடுத்து எது வயிற்றை அதிக நேரம் நிறைக்கிறது என்று பார்த்தார்கள். முதல் இடம் எதற்கு? அவித்த உருளைக்கிழங்குக்கு! பழமும் மீனும் நல்ல மார்க் வாங்கின. கேக்கும் வெண்ணெய் ரொட்டி வகையும் கடைசி வரிசை. உருளைக்கிழங்கைக் குற்றவாளி என்று நினைத்திருந்தவன் நான். அதை போண்டாவாக்கி எண்ணெயில் தள்ளியவர்கள் நாம்தானே! (சுகர்காரர்கள் உருளைக்கு டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.)

இப்போது 3-45

குமாஸ்தாவின் மாத்திரை அளவை டாக்டர் மாற்றிவிட்டார். அதே 1,500 கலோரிதான். மதியம் 3 சப்பாத்தி 2 ஆனது. மிஞ்சியதை மாலைக்கு ஒதுக்கினார்கள். அவர் மனைவி சின்ன டப்பாவில் தினம் ஒரு சுண்டல் கட்டித் தருகிறார். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு என்று முறை போட்டு.

சாப்பிடும் நேரம் 4 இல்லை, 3-45. "வாசனை மாடி ஏறி வர்றதுக்கு முன்னாடி நான் முடிச்சிடறேன் சார்" என்றார். டீ உண்டு. சர்க்கரை இல்லை. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்ததாம்.

அவரோடு ஒரு வெள்ளிக்கிழமை படி இறங்கினேன். பஜ்ஜிக் கடை மாஸ்டர், "வாங்க சார், உங்க நாளு!" என்று கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு பஜ்ஜி உண்டு. நோட்டில் முதலிலேயே எழுதிவிடுகிறார். இலையில் வாங்கி, ஊதி ஊதி, 5 நிமிடம் சாப்பிட்டார். நான் அதற்குள் 3 முடித்துவிட்டேன். காலையிலிருந்து 2 டீயில் ஓடிய வயிறு!

பிறகு ரெயில் நிலையம் வரை நடந்தோம். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. சர்க்கரை. கூடவே ஒரு சீட்டு: "எனக்குச் சர்க்கரை நோய். மயங்கினால் இனிப்புக் கொடுக்கவும். நினைவு இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடவும்." வீட்டுப் போன் நம்பரும் எழுதியிருந்தார்.

படிக்கட்டு ஓரம் பூக்கார அம்மாள் முழம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இன்னாப்பா, துன்னியா?"

"சாப்பிட்டேம்மா. சுண்டல்" என்றார் குமாஸ்தா. 2 முழம் மல்லிகை வாங்கிக்கொண்டார். 5-40 வண்டி வந்துவிட்டது.