விரிதாளும் வீட்டிலிருந்து கற்பவரும்

தூரத்திலிருந்து கற்றல் இலங்கையருக்குப் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளிற் பயிலாதவர்க்கும் பட்டப் பரீட்சைகளை 1858ஆம் ஆண்டிலேயே திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில், அந்த லண்டன் பட்டங்களுக்கே தோற்றினர். வினாத்தாள் ஆயத்தஞ் செய்தவரை மாணவர் காணார். விடை எழுதிய மாணவரைத் திருத்துபவர் காணார். அந்த வழக்கத்தின் இன்றைய தொடர்ச்சியே இணையவழிக் கற்கை. கடிதவுறை இருந்த இடத்திற் கணினித் திரை இருக்கிறது. வாரக்கணக்கிற் காத்திருந்து பெற்ற பெறுபேறு விநாடிக்கணக்கில் வந்து சேருகிறது. விரைவு நன்மையே. ஆயினும், சில பாடங்களில் அவ்விரைவு மாணவரை ஏமாற்றவும் கூடும். அத்தகைய பாடங்களுள் ஒன்று விரிதாள்.

விரிதாள் என்பது, கணக்கப்பிள்ளை மேசைமேல் விரித்து வைக்கும் பெருங்கணக்கேட்டின் கணினி வடிவம் எனலாம். குறுக்கே நிரைகள், நெடுக்கே நிரல்கள். இவ்விரண்டும் சந்திக்கும் சிறு கட்டம் கலம் எனப்படும். நிரலுக்கு எழுத்தும் நிரைக்கு எண்ணும் பெயராதலின், ஒவ்வொரு கலத்துக்கும் வீட்டிலக்கம் போன்ற ஒரு முகவரி உண்டு. கலத்தில் ஓர் எண்ணை இடலாம். ஒரு சொல்லை இடலாம். அல்லது சமன் குறியுடன் தொடங்கும் ஒரு சூத்திரத்தை இடலாம். மேலுள்ள பன்னிரண்டு கலங்களையும் கூட்டுக என்று ஒரு சூத்திரம் எழுதிவிட்டால், அப்பன்னிரண்டில் எதனை மாற்றினும் கூட்டுத்தொகை தானே மாறும். இவ்வொரு குணமே விரிதாளின் உயிர்.

அது கருவுற்றதும் ஒரு வகுப்பறையிலேதான். 1978ஆம் ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழக வர்த்தகப் பள்ளியின் மாணவராயிருந்தவர் டான் பிரிக்லின். கரும்பலகையில் எழுதப்படும் கணக்கு அட்டவணையில் ஓர் எண் மாறினால், அதனைப் பற்றிய எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுதவேண்டியிருந்ததை அவர் கண்டார். தானே மீளக் கணிக்கும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று எண்ணினார். பொப் பிராங்ஸ்டன் என்னும் நண்பரின் துணையோடு அவ்வெண்ணம் 'விசிகல்க்' என்னும் செய்நிரலாகி, 1979இல் அப்பிள் 2 கணினிக்கென விற்பனைக்கு வந்தது. 1983இல் 'லோட்டஸ் 1-2-3' என்பதும், 1985இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'எக்செல்' என்பதும் அதனைத் தொடர்ந்தன. இன்று கல்லூரிகள் கற்பிப்பது பெரும்பாலும் எக்செலையே.

அமெரிக்காவிற் சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள் பல இப்பாடத்தை இணையவழியில் நடத்துகின்றன. வாரத்துக்கோர் அத்தியாயம்; அதனை விளக்கும் ஒளிப்பதிவு; பாதி நிரப்பப்பட்ட ஒரு கோப்பு; அக்கோப்பிற் செய்யவேண்டியவற்றை ஒன்று, இரண்டு என எண்ணிட்டுக் கூறும் அறிவுறுத்தல். மாணவர் செய்து முடித்து அனுப்பியதும், பல கல்லூரிகளிற் கணினியே அதனைச் சரிபார்த்துப் புள்ளியிடும். சேருமுன்னர் அறியவேண்டிய சிறு விடயங்களும் உள. பாடநூல் பெரும்பாலும் விண்டோஸ் பதிப்பையே மனத்திற்கொண்டு எழுதப்பட்டிருக்கும்; மக்கின்டொஷ் கணினியிற் சில விசைகள் வேறுபடும்; கைத்தொலைபேசிப் பதிப்பிற் பல வசதிகள் இல்லை. நியூயோர்க் நேரப்படி நள்ளிரவுக்குள் அனுப்புக என்றால், குளிர்காலத்தில் அது கொழும்பு நேரம் மறுநாட் காலை 10.30 மணி; கோடையில் 9.30 மணி.

சிக்கல் அந்த எண்ணிட்ட அறிவுறுத்தலிலேதான் இருக்கிறது. இக்கலத்தைத் தெரிவுசெய்க, இச்சூத்திரத்தை எழுதுக, கீழே இழுக்குக என்று அது கூறும்; கூறியபடி செய்தவருக்கு முழுப் புள்ளி கிடைக்கும். அவ்வாறே எல்லா வாரமும் முழுப் புள்ளி பெற்றவர், தம் கந்தோரில் வெற்றுத்தாள் ஒன்றைத் திறந்ததும், முதற் கலத்தில் எதை எழுதுவது என்று திகைப்பது வியப்பன்று. குறிப்பைப் பார்த்துக் குழம்பு வைத்தவர் எல்லோரும் உப்பு மிகுந்ததை நாவினால் அறிவர். விரிதாளிலோ நாவும் இல்லை. தவறான விடையும் சரியான விடையைப் போலவே, இரு தசமதானங்களுடன், அழகாக வீற்றிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். புடைவைக்கடை ஒன்றின் விலைப்பட்டியலுக்கு 10 சதவீதக் கழிவு கணிக்கவேண்டும் என்று கொள்வோம். கழிவு வீதம் தாளின் உச்சியில் ஒரு கலத்தில் இருக்கிறது. விலைகள் ஒரு நிரலிற் கீழ்நோக்கிச் செல்கின்றன. முதற் சேலையின் விலையை வீதத்தாற் பெருக்குமாறு சூத்திரம் எழுதினால், விடை சரியாக வரும். அதனைக் கீழுள்ள நிரைகளுக்கு இழுக்கும்போது, சூத்திரத்திலுள்ள முகவரிகள் எல்லாம் நிரைக்கு ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும். விலையின் முகவரி இறங்குவது வேண்டியதே. ஆனால் வீதத்தின் முகவரியும் கூடவே இறங்கி, கீழேயுள்ள வெறுங்கலத்துக்குப் போய்விடும். வெறுங்கலத்தை எக்செல் சுழியம் எனக் கொள்ளும். ஆகவே இரண்டாவது சேலைக்குக் கழிவு சுழியம். எச்சரிக்கை ஏதும் எழாது. இதனைத் தடுக்க, வீதத்தின் முகவரியில் எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டொலர் குறி இடவேண்டும். அப்போது அம்முகவரி அசையாது நிற்கும். (அமெரிக்கப் பணத்துக்கும் அக்குறிக்கும் இங்கே யாதொரு தொடர்புமில்லை.) வகுப்பறையாயின், பக்கத்து மேசையிலிருப்பவர் எட்டிப்பார்த்து, "இதென்ன, இதற்குக் கழிவே இல்லையா?" என்று கேட்டுவிடுவார். வீட்டில் தனித்திருந்து கற்பவருக்கு அந்தப் பக்கத்து மேசை இல்லை.

இலங்கையர் அடிக்கடி இடறும் இடம் மற்றொன்று. காசுத் தொகையை 500/- என்று எழுதுவது இங்குள்ள பழைய வழக்கம். கலத்துக்குள் அவ்வாறே எழுதினால் எக்செல் அதனை எண் எனக் கொள்ளாது. வெறும் சொல் என்றே கொள்ளும். கூட்டற் சார்பு சொற்களை ஓசையின்றித் தாண்டிச் செல்வதால், கூட்டுத்தொகையில் அந்த ஐந்நூறு சேராது. எண்கள் வழமையாகக் கலத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், சொற்கள் இடப்புறம் ஒட்டி நிற்கும் என்பதை அறிந்தவர் ஒரு பார்வையில் இதனைக் கண்டுகொள்வர். அழகு கருதி எல்லாவற்றையும் நடுவுக்கு நகர்த்திவிட்டவருக்கு அத்தடயமும் இல்லாதொழியும்.

திகதிகளின் கதை இன்னும் விநோதமானது. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளை அடுத்தும் எழுதுவர். இலங்கையில் நாளே முன் வரும். அமெரிக்காவிலிருந்து எழுத்துக் கோப்பாக வந்த ஒரு பட்டியலை, இலங்கை முறைப்படி அமைந்த கணினியில் திறந்தால், மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 ஆகிவிடும். மார்ச் 25 என்பதோ, இருபத்தைந்தாம் மாதம் என ஒன்று இல்லாமையால், திகதியாகவே கொள்ளப்படாது சொல்லாய் நின்றுவிடும். ஒரே நிரலிற் பாதி பிழையான திகதி, பாதி திகதியே அன்று! இன்னுமொன்று: 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டன்று, எனினும் எக்செல் அவ்வாண்டுக்குப் பெப்ரவரி 29ஐக் கொடுக்கிறது. முன்னோடியான லோட்டஸிலிருந்த பிழையை, அதனோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக, அறிந்தே எடுத்துக்கொண்டது.

இவை மாணவரின் சிறு பிழைகள் என்று தள்ளிவிடுதற்கில்லை. கார்மென் ரைன்ஹார்ட், கெனத் ரொகொப் என்னும் புகழ்பெற்ற பொருளியலறிஞர் இருவர் 2010இல் வெளியிட்ட கட்டுரையொன்று, ஒரு நாட்டின் அரசாங்கக் கடன் அதன் தேசிய உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினாற் பொருளாதார வளர்ச்சி பெரிதும் குன்றும் எனக் கூறியது. சிக்கனக் கொள்கையை ஆதரித்த அரசியலாளர் பலர் அதனை மேற்கோள் காட்டினர். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் உயர்பட்ட மாணவராயிருந்த தோமஸ் ஹேர்ன்டன், பாடப் பயிற்சிக்காக அக்கட்டுரையின் கணக்கை மீளச் செய்துபார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்று நோக்கியபோது, சராசரி காணும் சூத்திரம் 49ஆம் நிரை வரை செல்லாது 44ஆம் நிரையிலே நின்றுவிட்டமை தெரிந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் கணக்கிற் சேரவில்லை. 2013இல் ஹேர்ன்டனும் அவர்தம் பேராசிரியர் இருவரும் வெளியிட்ட திருத்தத்தில், கடன்மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி சுழியத்துக்குக் கீழ் 0.1 சதவீதம் என்றிருந்தது 2.2 சதவீதமாயிற்று. அந்த வேறுபாடு முழுவதும் விட்டுப்போன ஐந்து நிரைகளால் வந்ததன்று. தரவுகளைத் தெரிந்த முறை, அவற்றுக்கு நிறை கொடுத்த முறை ஆகியவை பற்றிய விவாதமே அதிற் பெரும்பங்கு. கட்டுரையாசிரியர்கள் நிரைப் பிழையை ஒப்புக்கொண்டனர். தம் முடிபைக் கைவிடவில்லை. எவ்வாறாயினும், பேரறிஞர் காணாததைக் கண்டது ஒரு மாணவரின் வீட்டுப்பாடம்.

2020 செப்டெம்பர் இறுதியில் இங்கிலாந்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. கொரோனாத் தொற்றாளரின் பெயர்கள் பழைய எக்செல் கோப்பு வடிவமொன்றிற் சேர்க்கப்பட்டன. அவ்வடிவம் 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. இன்றைய வடிவம் பத்து இலட்சத்துக்கு மேல் ஏற்கும். நிரம்பி வழிந்தவை விடுபட்டன. 15,841 தொற்றாளர் அன்றன்றைய கணக்கிற் சேராமையால், அவரோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் நாட்கணக்கிற் பிந்தியது.

ஆதலின், இணையவழியிற் கற்பவர் பக்கத்து மேசையைத் தாமே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். அதற்குச் செலவில்லை. விடை முன்னரே தெரிந்த கணக்கொன்றைத் தெரிவுசெய்வதே நல்ல வழி. ஊர்ச் சனசமூக நிலையத்தின் சென்ற ஆண்டுச் சந்தாக் கணக்கு, கையால் எழுதிக் கணக்காய்வு முடிந்தது, எங்கேனும் ஓர் அலுமாரியில் இருக்கும். அதனைக் கல்லூரி தந்த அறிவுறுத்தல் எதுவுமின்றி வெற்றுத்தாளில் அமைத்து, நிரைவழியே ஒருமுறையும் நிரல்வழியே ஒருமுறையும் கூட்டி, இரண்டும் ஏட்டிலுள்ள தொகையோடு பொருந்துகின்றனவா எனப் பார்க்கலாம். ஒரு ரூபா வேறுபட்டாலும், எந்தக் கலத்தால் வேறுபட்டது என்பதைத் தேடியே ஆகவேண்டும். வேறுபாடு ஓர் அங்கத்தவரின் சந்தாவுக்குச் சரியாக இருக்குமாயின், கூட்டற் சூத்திரம் கடைசி நிரை வரை செல்கிறதா, அவர் செலுத்திய தொகை கலத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கிறதா என்னும் இரண்டையும் முதலிற் பார்த்தல் நன்று.